கியர்பாக்ஸுக்கு எந்த நம்பர் ஆயில்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் வாகனப் பராமரிப்புக் கேள்வி-பதில் பகுதியில், பழைய பைக்கின் கியர்பாக்ஸ் சத்தம் போடுகிறது என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். “இப்போது ஊற்றுவதைவிட ஒரு நம்பர் கூடுதலான கியர் ஆயில் ஊற்றுங்கள், 90 என்றால் 140-க்கு மாறுங்கள்” என்று பதில் வந்திருந்தது. இரு சக்கர வாகனப் பட்டறை வைத்துப் பிழைக்கிறவன் நான். அதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. கேட்டவர் என்ன வண்டி ஓட்டுகிறார் என்பதே அந்தப் பதிலில் இல்லை. வண்டி தெரியாமல் எப்படி நம்பர் சொல்ல முடியும்?

கியர்பாக்ஸுக்கு ஆயில் கேட்டு யார் வந்தாலும் நான் முதலில் பார்ப்பது, அந்த ஆயிலில் கிளட்ச் நனைகிறதா இல்லையா என்பதைத்தான். ஆயிலின் கெட்டித்தன்மையைச் சொல்லும் நம்பர் பேச்சு அதற்குப் பிறகுதான். ஸ்பிளெண்டர், பல்சர் மாதிரி இன்றைய வண்டிகளில் எஞ்சின், கிளட்ச், கியர் மூன்றுக்கும் ஒரே ஆயில். அவற்றுக்குக் ‘கியர் ஆயில்’ என்று தனியாக ஒன்று கிடையாது. கம்பெனி சொன்ன எஞ்சின் ஆயில்தான் கியரையும் பார்த்துக்கொள்ளும். ஸ்பிளெண்டருக்கு 10டபிள்யூ-30, 2009 வாக்கில் வந்த ஒரே கூட்டு எஞ்சின் புல்லட்டுக்கு 15டபிள்யூ-50. கியர் ஸ்மூத்தாக விழும் என்று அதோடு கொஞ்சம் 90 கலந்து ஊற்றச் சொல்லும் கடைகளை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து யாரும் அதைச் செய்ய வேண்டாம்.

டூ ஸ்ட்ரோக் வண்டிகளின் கதை வேறு. யமஹா ஆர்எக்ஸ் 100-ல் ஊற்றும் 2டி ஆயில் பெட்ரோலோடு சேர்ந்து எரிந்து போய்விடும். அதில் ஒரு சொட்டுகூடக் கியருக்கு வராது. கியர்பாக்ஸுக்குத் தனி ஆயில் உண்டு. ஆனால் கிளட்ச் பிளேட்டுகளும் அதே ஆயிலில்தான் மூழ்கிக் கிடக்கின்றன. மைசூரில் செய்த யெஸ்டியும் அப்படித்தான். வெஸ்பா வகை ஸ்கூட்டர்களிலும் அதே நிலைமை. அந்த ஸ்கூட்டர்களுக்குச் சொல்லப்பட்டது எஸ்ஏஇ 30, அதாவது 30 நம்பர் எஞ்சின் ஆயில், கால் லிட்டர். தனி கியர்பாக்ஸ் என்பதால் ‘கியர் ஆயில்’ என்று எழுதிய டப்பாவைத்தான் வாங்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். லாரிக்கு விற்கிற 90-ஐ ஊற்றிவிட்டு என்னிடம் வருகிற ஆர்எக்ஸ் வண்டிகளில் ஒரே புகார்தான். காலையில் கிளட்சை முழுதாகப் பிடித்தும் ஃபர்ஸ்ட் கியர் போட்டதும் வண்டி முன்னால் பாய்கிறது. சிக்னலில் நிற்கும்போது நியூட்ரல் விழமாட்டேன் என்கிறது. கிளட்ச் கவரைக் கழற்றிப் பார்த்தால் கார்க் பிளேட்டும் ஸ்டீல் பிளேட்டும் ஒன்றோடொன்று அப்பிக் கிடக்கும்; நகத்தை விட்டு நெம்பித்தான் பிரிக்க வேண்டும். அந்த ஆயிலை வடித்துவிட்டு, பைக்குக்கான 20டபிள்யூ-40 ஊற்றினால் பெரும்பாலும் அன்றைக்கே சரியாகிவிடும்.

பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட்டில் மட்டும்தான் நிலைமை தலைகீழ். திருவொற்றியூரில் செய்த அந்த வண்டியில் மூன்று இடத்தில் மூன்று ஆயில்: எஞ்சினுக்கு ஒன்று, கிளட்ச் உட்கார்ந்திருக்கும் பிரைமரி செயின் கவருக்கு ஒன்று, கியர்பாக்ஸுக்கு ஒன்று. கியர்பாக்ஸ் ஆயிலுக்கும் கிளட்சுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அங்கேதான் 90 நம்பர் கியர் ஆயில் நியாயமாகப் பொருந்தும்.

இனி நம்பருக்கு வருகிறேன். உங்கள் பதிலில் இருந்த பெரிய பிழையே இங்கேதான். எஞ்சின் ஆயிலுக்கு ஓர் அளவுகோல், கியர் ஆயிலுக்கு வேறோர் அளவுகோல். எஞ்சின் எண்கள் 60-ஓடு முடிந்துவிடும். கியர் எண்கள் அதற்கு மேலேதான் தொடங்கும். அதனால் 90 என்றதும் 40-ஐவிட இரண்டு மடங்கு கெட்டி என்று தோன்றுகிறது. உண்மை அப்படி இல்லை. 100 டிகிரி சூட்டில் 90 நம்பர் கியர் ஆயிலின் கெட்டித்தன்மை 13.5 முதல் 18.5 சென்டிஸ்டோக்ஸ் வரை இருக்கலாம். எஞ்சின் ஆயில் 40 என்றால் 12.5 முதல் 16.3, 50 என்றால் 16.3 முதல் 21.9. ஆக, சூடான நிலையில் 90 என்பது எஞ்சின் கணக்கில் 40-க்கும் 50-க்கும் நடுவில் எங்கோ நிற்கிறது. 80 நம்பர் கியர் ஆயில் கிட்டத்தட்ட எஞ்சின் 20, 30-க்குச் சமம். நீங்கள் சிபாரிசு செய்த 140 மட்டும்தான் நிஜமாகவே கெட்டி: 24 முதல் 32.5 வரை.

அப்படியானால் ஆர்எக்ஸில் 90 ஊற்றியதில் என்ன குற்றம் என்று கேட்கலாம். இரண்டு விஷயம். ஒன்று, கணக்கு ஒத்துப்போவது சூட்டில்தான். குளிர்ந்த காலையில் அந்த 90, 20டபிள்யூ-40-ஐவிடக் கணிசமாகக் கெட்டி. அதைவிட முக்கியமானது, ஆயிலுக்குள் கலந்திருக்கும் மருந்து. கியர் ஆயில் டப்பாவைத் திறந்ததும் மூக்கில் ஏறுகிற கந்தக வாடை அதனுடையது. பல்லும் பல்லும் நசுக்கும் இடத்தில் இரும்பைக் காப்பாற்றப் போட்ட கந்தக, பாஸ்பரஸ் மருந்துகள் அவை. கிளட்ச் பிளேட் வழுக்காமல் பிடிக்க வேண்டும் என்ற யோசனை அதைச் செய்தவர்களுக்கு இருக்க வேண்டிய அவசியமில்லை. பைக் எஞ்சின் ஆயில் டப்பாவில் ஜாசோ (ஜப்பானிய வாகனத் தர அமைப்பு) எம்ஏ அல்லது எம்ஏ2 என்று போட்டிருப்பது அந்தப் பிடிப்பைச் சோதித்துத்தான். எம்பி என்று இருந்தால் அது கிளட்ச் ஆயிலில் நனையாத ஸ்கூட்டர்களுக்கு. கியர் பைக்கில் ஊற்றக் கூடாது. நம்பர் ஒன்றாக இருந்தாலும் இந்த எழுத்து மாறினால் ஆயில் மாறிவிட்டது என்றுதான் அர்த்தம்.

புல்லட்டுக்கு 90 வாங்குகிறவர்களும் டப்பாவில் கியர் ஆயிலின் தரக் குறியீடு ஜிஎல்-4 என்று இருக்கிறதா, ஜிஎல்-5 என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். ஜிஎல்-5, லாரி, ஜீப் டிஃபரென்ஷியல் பற்களுக்காக மருந்தைக் கூட்டிச் செய்தது. புல்லட் கியர்பாக்ஸில் இருப்பது நேர்ப்பல் சக்கரங்கள். அவ்வளவு மருந்து தேவையில்லை. அதோடு உள்ளே வெண்கலப் புஷ்கள், அதாவது தண்டுகளைத் தாங்கும் வளையங்கள் இருக்கின்றன. மருந்து கூடின சில ஆயில்கள், சூடு ஏறும்போது வெண்கலத்தை அரிக்கும். இப்போது வரும் எல்லா ஜிஎல்-5-ம் அப்படி என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஜிஎல்-4 கிடைக்கும்போது எதற்கு வீண் பரீட்சை? இன்னொன்று, 80டபிள்யூ-90 வாங்குவதா, வெறும் 90 வாங்குவதா என்று நம்மூரில் யாரும் குழம்ப வேண்டாம். 80டபிள்யூ என்பது மைனஸ் 26 டிகிரிக் குளிரில் வைக்கும் சோதனை. விருதுநகர் வெயிலில் அதற்கு என்ன வேலை?

இப்போது 140. புல்லட்காரர்களுக்கு அதன் மேல் ஏன் ஆசை என்று எனக்குத் தெரியும். ஸ்பிராக்கெட் பின்னால் ஒழுகுகிறது, கெட்டியாக ஊற்றினால் நின்றுவிடும். சத்தம் கேட்கிறது, கெட்டியாக ஊற்றினால் அடங்கிவிடும். இரண்டும் நடக்கத்தான் செய்யும், ஆபத்தே அதுதான். அந்தப் பெட்டியில் பம்ப் கிடையாது. சக்கரங்கள் சுழன்று வாரி இறைக்கிற ஆயில்தான் புஷ்ஷுக்கும் பேரிங்குக்கும் போய்ச் சேர வேண்டும். ஆயில் அளவு மீறிக் கெட்டியாக இருந்தால், உறைந்த நெய்யில் கரண்டி போட்ட தடம் போல, பல் தோண்டிய பள்ளம் பள்ளமாகவே நிற்கும்; ஆயில் ஓடி வந்து மூடாது. வண்டி சூடாகும்வரை புஷ் காய்ந்துதான் சுற்றும். வெளியே சத்தம் குறைந்திருக்கும், உள்ளே தேய்மானம் கூடிக்கொண்டே போகும்.

சத்தத்துக்கு மருந்து தேடுவதற்கு முன், சத்தம் எங்கே பிறக்கிறது என்று பார்க்க வேண்டும். பழைய நாலு கியர் புல்லட்டில் டாப் கியர் நேரடி ஓட்டம். லே ஷாஃப்ட் என்கிற துணைத் தண்டு வழியாக விசை போவதில்லை. மூன்றாவது வரை ஊளையிட்டு டாப்பில் அடங்கிவிட்டால், கோளாறு கியர் பல்லிலோ லே ஷாஃப்ட் புஷ்ஷிலோதான். டாப்பிலும் அதே சத்தம் என்றால் பேரிங்கைப் பாருங்கள். ‘டக் டக்’ என்று இடிக்கிற சத்தத்துக்குச் செயின் தளர்ந்திருப்பதுகூடக் காரணமாக இருக்கும்; அதற்கு எந்த ஆயிலை ஊற்றி என்ன பயன்?

பிறகு டிரெயின் போல்ட்டைத் திறந்து, வடிகிற ஆயிலைக் கையில் வாங்கி விரலால் தேய்த்துப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மாவு மாதிரி வழவழவென்று இருந்தால் சாதாரணத் தேய்மானம். நெருடுகிற துணுக்கு வந்தால் பெட்டியைப் பிரித்தே ஆக வேண்டும். மஞ்சளாக மினுமினுத்தால் புஷ் போகிறது. பால் கலந்த நிறத்தில் வந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. வாட்டர் சர்வீஸ் விட்ட வண்டிகளில் இதைப் பார்க்கலாம். ஆயில் அளவை வண்டி சென்டர் ஸ்டாண்டில் நிற்கும்போது லெவல் ஸ்க்ரூ வழியாகப் பாருங்கள். ஒழுகுகிறது என்று வருகிற புல்லட்டுகளில் சிலவற்றில் அளவுக்கு மேல் ஊற்றியதே காரணமாக இருப்பதைக் கண்டிருக்கிறேன். அளவு சரியாக இருந்தும் ஒழுகினால் ஆயில் சீலையோ புஷ்ஷையோ மாற்ற வேண்டியதுதான்.

உங்கள் இதழை எங்கள் பட்டறைப் பையன்கள் எழுத்துக் கூட்டிப் படிக்கிறார்கள். அதில் அச்சாகி வந்தது என்பதாலேயே ஒருவர் 140 டப்பாவோடு வந்து நின்றுவிட்டார். ஆகவே அடுத்த இதழிலேயே திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். நம் ஊர்களில் இன்னும் ஓடுகிற பழைய வண்டிகளுக்கு, ஆர்எக்ஸ், யெஸ்டி, சுசுகி, வெஸ்பா வகை ஸ்கூட்டர், பழைய புல்லட் என்று வண்டிவாரியாக, கிளட்ச் ஆயிலில் நனைகிறதா, எந்த வகை ஆயில், எவ்வளவு மில்லி என்று கம்பெனிக் கையேடுகளைப் பார்த்து ஓர் அட்டவணை போட்டால், அதை வெட்டிப் பட்டறைச் சுவரில் ஒட்டிக்கொள்வோம். கையேடு தொலைந்துபோன வண்டிகள்தான் இங்கே அதிகம். கேள்வி அனுப்புகிற வாசகர்களிடம் வண்டியின் பெயரையும் வருஷத்தையும் கட்டாயம் எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
இரு சக்கர வாகன மெக்கானிக்,
விருதுநகர்.