உன் இருக்கை அப்படியே இருக்கிறது

பெர்த்
27 ஜூன் 2023

அன்பு மகனுக்கு,

சனிக்கிழமை இரவு நீ தொலைபேசியில் பேசியதெல்லாம் இன்னும் காதில் ஒலித்துக்கொண்டிருக்கிறது. ஆஸ்திரேலிய ஃபுட்பாலில் நம் வெஸ்ட் கோஸ்ட் ஈகிள்ஸ் அணி சிட்னி ஸ்வான்ஸிடம் அடிவாங்குவதைப் பார்க்கப் பொறுக்காமல், பாதி ஆட்டத்தில் சிட்னி மைதானத்தை விட்டுக் கிளம்பிவிட்டதாகச் சொன்னாய். அடுத்த ஆண்டு உனக்காக ஈகிள்ஸ் உறுப்பினர் பணம் கட்ட வேண்டாம், இருக்கையை யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்றாய். அப்போதே பதில் சொல்லியிருந்தால் சண்டையில்தான் முடிந்திருக்கும். அதனால் இரண்டு நாள் பொறுத்து எழுதுகிறேன்.

205க்கு 34. அவர்கள் 31 கோல், நாம் 5. 171 புள்ளி வித்தியாசம். வெஸ்ட் கோஸ்ட் ஈகிள்ஸ் 1987இல் ஆடத் தொடங்கியதிலிருந்து இப்படியொரு தோல்வியைக் கண்டதில்லை. அப்பா இடையிலேயே எழுந்து தோட்டத்துக்குப் போய்விட்டார். நான் கடைசி சைரன் வரை பார்த்தேன். எனக்கும் வயிறெரிந்தது. போன ஆண்டு முழுவதிலும் இரண்டே வெற்றி, இந்த ஆண்டு இதுவரை ஒன்றே ஒன்று. இதற்குக் கோபப்படாமல் வேறு எதற்குக் கோபப்படுவது?

ஆனால் உன் கோபம் யார் மேல் விழுந்தது என்பதுதான் எனக்கு வருத்தம். ஒரு பையனைப் பெயர் சொல்லி, 'இவனெல்லாம் எதற்கு ஆட வந்தான்' என்றாய். அவனுக்கு உன் சித்தி மகளைவிட வயது குறைவு. ரூபன் கின்பே, எலைஜா ஹூவெட் போன்றவர்கள் சென்ற நவம்பரில், அணிகள் முறைவைத்து இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் எடுக்கப்பட்ட நம் மாநிலத்துப் பிள்ளைகள். பத்தாண்டு உடற்பயிற்சியில் இறுகிப்போன ஆட்களோடு இவர்கள் வாரம் தவறாமல் மோத வேண்டியிருக்கிறது. பக்கத்தில் நின்று 'இங்கே நில், அங்கே ஓடு' என்று சொல்லித்தர வேண்டிய மூத்தவர்கள் பலர் காயம்பட்டு வெளியே உட்கார்ந்திருக்கிறார்கள். நிக் நைட்டனுயி இந்த ஆண்டு ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை.

கேள்வி கேட்க வேண்டுமென்றால் நிர்வாகத்தைக் கேள். 2018 கோப்பையை வென்ற அணியை, இன்னொரு கோப்பை வரும் என்று கட்டிக்காத்துக்கொண்டே இருந்தார்கள். டிம் கெல்லியைக் கொண்டுவர, டிராஃப்டில் நமக்கிருந்த முதல் சுற்றுத் தேர்வுகள் இரண்டை ஜீலாங் அணிக்குக் கொடுத்தார்கள். கெல்லி நல்ல ஆட்டக்காரர், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த இரண்டு தேர்வுகளில் வந்திருக்கக்கூடிய பையன்கள் இன்று இருபத்தொன்று, இருபத்திரண்டு வயதில் நடுக்களத்தில் நின்றிருப்பார்கள். சனிக்கிழமை நீ கண்ட வெற்றிடம் அப்போதே தொடங்கியது.

கடைசி இடத்துக்கு வந்தால் டிராஃப்டில் முதல் தேர்வு கிடைக்கும், அது ஒன்றுதான் ஆறுதல் என்றும் சொன்னாய். அதை மட்டும் நம்பி இருந்துவிடாதே. மெல்பர்ன் அணியைப் பார். 2008 டிராஃப்டில் முதல் தேர்வு அவர்களுடையது. 2009இல் முதல் இரண்டு தேர்வுகளும் அவர்களுக்கே கிடைத்தன. அத்தனை கையில் இருந்தும் 2011 ஜூலையில் ஜீலாங்கிடம் 186 புள்ளியில் தோற்றார்கள், நம்மைவிட மோசம். பயிற்சியாளரை உடனே நீக்கினார்கள். 2013இல் எஸன்டனிடம் மறுபடி 148. பிறகு பால் ரூஸ் பயிற்சியாளராக வந்து, முதலில் தடுத்தாடக் கற்றுக்கொடுத்து, பிள்ளைகளுக்குத் தன்னம்பிக்கை ஊட்டி அணியை நிமிர்த்தினார். அந்த 2009 டிராஃப்டில் 34ஆவதாகப் போன மேக்ஸ் கான்தான் 2021இல் அணித்தலைவராக நின்று கோப்பையை வாங்கினார். 57 ஆண்டுக் காத்திருப்பு அது. கொரோனாவால் இறுதியாட்டம் நம் ஊருக்கு வந்தது. ஆற்றங்கரையில், நம் மைதானத்தில்தான் அது முடிவுக்கு வந்தது.

அந்த மெல்பர்ன் அணியில் நேதன் ஜோன்ஸை என்னால் மறக்க முடியவில்லை. அந்த இருண்ட ஆண்டுகள் அத்தனையிலும் ஆடியவர், இடையில் ஆறு ஆண்டுகள் தலைவராகவும் இருந்தார். 302 ஆட்டம். கோப்பை வந்த ஆண்டில் அணியில் இடமில்லை. மனைவிக்கு இரட்டைக் குழந்தைகள் பிறக்கும் நேரம் என்று இறுதியாட்டத்துக்கு முன்பே வீடு திரும்பிவிட்டார். கான் தூக்கிய கோப்பையில் அவருக்கும் பங்குண்டு என்றே நான் நினைக்கிறேன். மோசமான ஆண்டுகளில் யாராவது ஒருவர் நின்று ஆடினால்தானே அணி என்று ஒன்று மிஞ்சும்?

சில வாரங்களுக்கு முன் லாத்லெயினில் நம் அணியின் பயிற்சி பார்க்கப் போயிருந்தேன். எல்லாரும் உள்ளே போன பிறகும் ஒரு பையன் மட்டும் நின்று எல்லைக்கோட்டு ஓரத்திலிருந்து கோலுக்கு உதைத்துக்கொண்டிருந்தான். வலக்காலால் நாலைந்து, பிறகு பந்தை மாற்றிப் பிடித்து இடக்காலால். இடக்கால் பந்து ஒவ்வொரு முறையும் கம்பத்துக்கு வெளியே போனது. ஓடிப்போய் எடுத்துவந்து, மூச்சு வாங்க, அதே இடத்தில் மறுபடியும் நின்றான். வேலிக்கு இந்தப் பக்கம் என்னையும் ஒரு முதியவரையும் தவிர ஆளில்லை. அந்தப் பையன் வளர்வதைப் பார்க்க எனக்கு ஆசையாக இருக்கிறது. கோப்பை வரும் வராது என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஆகவே ஆட்டத்தை வேறு மாதிரி பார்க்கச் சொல்கிறேன். பலகையில் புள்ளி எவ்வளவு என்பதைக் கொஞ்சம் விட்டுவிடு. பந்து கைவிட்டுப் போன பிறகு யார் திரும்பி ஓடுகிறான், போன வாரம் செய்த தவறை இந்த வாரம் யார் செய்யவில்லை என்று பார். 2018 இறுதியாட்டத்தில் நம் டாம் ஷீட் எல்லைக்கோட்டு ஓரத்திலிருந்து கோல் அடித்தபோது நீ என்னைத் தூக்கிச் சுற்றினாய். அந்த அணியும் ஒரு காலத்தில் கற்றுக்குட்டிகளாக வந்தவர்கள்தான்.

சிட்னியில் வாழ்வதால் ஸ்வான்ஸ் ஆட்டம் பார்க்கிறாயென்றால் தாராளமாகப் பார், நன்றாக ஆடுகிறார்கள். ஆனால் இங்கே உன் இருக்கையை நான் யாருக்கும் கொடுக்கப் போவதில்லை. இந்த நிலையிலும் ஒரு லட்சத்துக்கும் மேலானவர்கள் உறுப்பினர்களாக இருக்கிறார்கள், என் மகனும் அதில் ஒருவனாக இருக்கட்டும். அடுத்த ஆண்டுக்கும் நானே கட்டிவிடுகிறேன்.

ஆகஸ்ட் கடைசியில் அடிலெய்டுக்கு எதிராக இங்கே பருவத்தின் கடைசி ஆட்டம். ஷானன் ஹர்னுக்கு 35 வயதாகிவிட்டது. நம் அணிக்காக அவரளவு ஆட்டம் ஆடியவர் எவருமில்லை. இன்னும் எத்தனை முறை அவரைப் பார்க்கக் கிடைக்குமோ! அந்த வாரக் கடைசிக்கு விடுப்புக் கேட்டுப் பார். கிடைத்தால் சீக்கிரம் சொல், தள்ளிப்போனால் விமான டிக்கெட் விலை ஏறிவிடும். அப்பாவும் வருகிறேன் என்கிறார்.

அன்புடன்,
அம்மா