உலகம் சுற்றக் கிளம்பும் அக்கா மகளுக்கு

அன்புள்ள கண்ணு,

ஓசூர் கம்பெனிச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து உலகத்தைச் சுற்றிப் பார்க்க முடியுமா சித்தி என்று கேட்டிருந்தாய். முடியும். பென்னாகரத்திலும் பாலக்கோட்டிலும் இதே கேள்வியோடு இருக்கிற பிள்ளைகளும் படிக்கட்டும் என்று பதிலைப் பொதுவில் எழுதுகிறேன்.

குறைந்த செலவில் ஊர் சுற்ற வழி சொல்கிறவர்கள் எதில் எவ்வளவு குறைக்கலாம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அந்தப் பணம் யார் கையிலிருந்து குறைகிறது என்று கேட்பதில்லை. நீ கேட்பாய். நீ ஒகேனக்கல் பரிசல்காரரின் மகள். கட்டணத்தைப் பலகையில் எழுதிப்போட்ட பிறகும், காரில் வந்து இறங்கி 50 ரூபாய்க்காக உன் அப்பாவிடம் மல்லுக்கு நிற்கிறவர்களைப் பார்த்து வளர்ந்தவள். காவிரியில் நீர்வரத்து கூடினால் பரிசலுக்குத் தடை. அன்றைக்கு அவருக்கும் வரும்படி இல்லை, மீன் பொரித்துத் தரும் அக்காக்களுக்கும் இல்லை, எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்களுக்கும் இல்லை. பாறை இடுக்கில் கிடக்கும் பாட்டில்களை யார் பொறுக்குகிறார்கள் என்பதும் உனக்குத் தெரியும். நீ போகப்போகிற ஒவ்வொரு ஊரிலும் இதே மாதிரி ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் கூலியில் கை வைக்காமல் மற்ற எல்லாவற்றிலும் சிக்கனம் பிடிக்கலாம்.

முதல் பயணம் நேபாளமாக இருக்கட்டும். இந்தியர்களுக்கு அங்கே விசா வேண்டாம். பாஸ்போர்ட்கூட இல்லாமல் வாக்காளர் அட்டையோடு போகலாம். ஆதாரை மட்டும் நம்பிக் கிளம்பிவிடாதே. சேலம் வழியாகப் போகும் ராப்திசாகர் எக்ஸ்பிரஸ் கோரக்பூர் வரை போகிறது. ஸ்லீப்பரில் ஏறினால் அந்த இரவுகளுக்கு ரூம் வாடகையும் மிச்சம். கோரக்பூரிலிருந்து பஸ்ஸில் சோனௌலி எல்லை, நடந்தே தாண்டினால் அந்தப் பக்கம் நேபாளம். நம் 100 ரூபாய் அங்கே 160 ரூபாய். எல்லையிலிருந்து ஒரு மணி நேரம் போனால் லும்பினி, புத்தர் பிறந்த ஊர்.

லும்பினியில் அசோகர் நட்ட தூண் இருக்கிறது. அதன் எதிரில் கொஞ்ச நேரம் நில். தான் பட்டமேறிய இருபதாம் ஆண்டில் நேரில் வந்து வணங்கியதையும், புத்தர் பிறந்த ஊர் என்பதால் அந்தக் கிராமத்தின் வரியைக் குறைத்ததையும் அதில் பொறித்திருக்கிறார். ஓர் ஊருக்குப் போய்வந்தவர் அந்த ஊர்ச் சுமையைக் குறைத்துவிட்டு வந்திருக்கிறார். எனக்கு மிகவும் பிடித்த பயணக் குறிப்பு அது. அதே அசோகரின் வேறு கல்வெட்டுகளில் வரும் சதியபுத்திரர் நம் தகடூர், அதாவது இன்றைய தர்மபுரி, அதியமான் குலத்தார்தான் என்பது, அதியமானை அந்தப் பெயராலேயே குறிக்கும் ஜம்பைக் கல்வெட்டு கிடைத்த பிறகு உறுதியானது. தர்மபுரியிலிருந்து போகிற உனக்கு அந்தத் தூண் ஒன்றும் அந்நியமில்லை.

அங்கிருந்து பொக்காரா போகலாம். அன்னபூர்ணா மலைப்பாதையில் நடக்க ஆசையிருந்தால் அனுமதிச் சீட்டுக் கட்டணம் நமக்கு மற்ற வெளிநாட்டவரைவிடக் குறைவு. சுமை தூக்க ஆள் வைத்தால் முழுக் கூலி கொடு, அவர் போட்டிருக்கும் செருப்பையும் குளிருக்கான உடையையும் பார். மலிவாக ஆள் பிடித்துத் தரும் ஏஜென்ட்டுகள் பெரும்பாலும் அந்த இரண்டில்தான் கை வைப்பார்கள். பாதி வழியில் வானிலையைப் பார்த்து அவர் வேண்டாம் என்றால் திரும்பிவிடு. ஆற்றில் தண்ணீர் ஏறும்போது உன் அப்பா பரிசலைக் கரையேற்றிய நாட்கள் உனக்கு ஞாபகம் இருக்கும். தண்ணீருக்கு வீட்டிலிருந்தே ஒரு ஸ்டீல் பாட்டில் எடுத்துப்போ. அந்தப் பாதையில் வரும் சோம்ரோங் கிராமத்துக்கு மேலே பிளாஸ்டிக் பாட்டில் தண்ணீருக்கே தடை, கொதிக்கவைத்து வடிகட்டியதை அளந்து ஊற்றுவார்கள்.

சிக்கனம் பிடிக்க வேண்டிய இடங்களைச் சொல்கிறேன். பத்து நாளில் ஐந்து ஊர் என்று ஓடாதே. ஒரே ஊரில் ஒரு வாரம் இரு. போக்குவரத்துச் செலவு பாதியாகும், வாரக் கணக்கில் பேசினால் ரூம் வாடகையும் இறங்கும், இரண்டாம் நாளே டீக்கடைக்காரம்மா உன்னை அடையாளம் கண்டுகொள்வார். பெண்களுக்கென்று தனி டார்மிட்டரி உள்ள ஹாஸ்டலில் படுக்கை எடு. எந்த ஊரானாலும் பகல் வெளிச்சத்தில் போய்ச் சேருகிற வண்டியில் ஏறு. அதற்காக நூறு இருநூறு கூடப் போனாலும் பரவாயில்லை. ஊர்க்காரர்கள் வரிசையில் நிற்கும் கடையில் சாப்பிடு. வெளிநாட்டு ஏடிஎம்மில் கார்டைச் செருகும்போது ரூபாயில் கணக்குப் போடட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்தி, அந்த நாட்டுப் பணத்திலேயே எடு. ரூபாய் என்று சொல்லிவிட்டால் அவர்கள் வைத்ததுதான் மாற்று விலை. தாய்லாந்தில் ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் 200 பாட்டுக்கு (பாட் அந்த நாட்டுப் பணம்) மேல் கட்டணம் பிடிப்பார்கள், அதனால் சிறுகச் சிறுக எடுக்காதே. பயணக் காப்பீட்டில் மட்டும் மிச்சம் பிடிக்க நினைக்காதே.

அப்புறம், இலவசமாகத் தங்க வழி என்று சில விஷயங்கள் உன் கண்ணில் படும். பண்ணையில் தினமும் சில மணி நேரம் வேலை செய்தால் சாப்பாடும் படுக்கையும் தரும் ஏற்பாடு பல நாடுகளில் உண்டு. நல்ல விஷயம்தான். ஆனால் சுற்றுலா விசாவில் அப்படி வேலை செய்வதைப் பல நாடுகள் ஏற்பதில்லை. விதியைப் படித்துவிட்டு முடிவு செய். அனாதை இல்லத்தில் குழந்தைகளோடு ஒரு வாரம் தங்கிச் சேவை செய்யலாம் என்று வந்தால் தொடவே தொடாதே. நேபாளத்திலும் கம்போடியாவிலும் அப்படிப்பட்ட இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பலருக்கு அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருக்கிறார்கள். வெளிநாட்டுக்காரர் பணம் வருகிறது என்பதற்காகவே வீட்டிலிருந்து பிரித்துக் கொண்டுவந்த பிள்ளைகள் அவர்களில் உண்டு. 2018இல் ஆஸ்திரேலியா நவீன அடிமைமுறைச் சட்டம் கொண்டுவந்தபோது இந்தக் கொடுமையும் அங்கே பெரிதாகப் பேசப்பட்டது. பாசத்தோடு போகிற உன்னைப் போன்றவர்களை வைத்துத்தான் இந்த வியாபாரம் நடக்கிறது என்பதை நினைத்தாலே எனக்கு மனசு ஆறுவதில்லை.

நேபாளம் முடிந்ததும் பாஸ்போர்ட் எடு. 36 பக்கப் புத்தகத்துக்கு 1,500 ரூபாய், பத்து வருடம் வரும். நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்குக் கப்பல் விடுகிறார்கள். யாழ்ப்பாணத்தில் தமிழிலேயே வழி கேட்கலாம். அதற்கடுத்து வியட்நாம். விசாவை இணையத்திலேயே வாங்கலாம், ஹனோயிலிருந்து சைகோன் வரை 1,700 கிலோமீட்டருக்கு ரயில் இருக்கிறது. விமானத்தில் ஒரே முறை போய், உள்ளே முழுக்க ரயிலில் சுற்று. விசா விதிகள் அடிக்கடி மாறும், டிக்கெட் போடும் முன் அந்தந்தத் தூதரகத் தளத்தைப் பார்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. ஐப்பசி, கார்த்திகையில் மலை தெளிவாக இருக்கும், அப்போது போ. ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கும், ஆயுத பூஜைக் கூட்டத்துக்கு முந்திக்கொள். வாக்காளர் அட்டையில் உன் பெயரும் பிறந்த தேதியும் சரியாக இருக்கிறதா பார்த்து, தப்பு இருந்தால் இந்த வாரமே திருத்த மனு கொடு. உன் அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
சித்தி