செவ்வாய்ப்பேட்டை அச்சக அண்ணனுக்கு நன்றி

பேர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்கள், அதனால் வெறும் அண்ணன். சேலத்தில் தனியாக டிசைன் வேலை எடுக்கும் எங்களுக்கு, திரும்பி வந்த ஃபைல் ஒவ்வொன்றிலும் கோளாறு எங்கே என்று காட்டியவர் நீங்கள்தான்.

திரையில் பளீரென்ற நீலம் அச்சில் மங்கும். அதனால் அச்சு மையின் நாலு கலரான சிஎம்ஒய்கே-க்கு மாற்றிப் பார்த்துத்தான் அனுப்ப வேண்டும். நாலு பக்கமும் வெட்டுக் கோட்டைத் தாண்டி டிசைனை 3 மி.மீ. நீட்டி ப்ளீட் விடாவிட்டால், வெட்டும்போது ஓரத்தில் வெள்ளைக் கோடு நிற்கும். சின்ன எழுத்துக்கு கே 100, அதாவது முழுக் கறுப்பு மை மட்டும் போதும். நாலு கலரும் கலந்த கறுப்பு என்றால், பிளேட் இம்மி நகர்ந்தாலும் எழுத்தைச் சுற்றி நிழல் தட்டும். தமிழ் ஃபான்ட்டை கர்வ் ஆக்காமல், அதாவது எழுத்தை வடிவமாக மாற்றாமல் கொடுத்தால் கொம்பும் காலும் இடம் மாறி, கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பேரே வேறாகிவிடும்!

பாதி முன்பணம், திருத்தம் 2 முறை, அச்சுக்கு முன் காட்டும் ப்ரூஃபில் கையெழுத்து. இதையெல்லாம் வாடிக்கையாளரிடம் கூச்சப்படாமல் கேட்கப் பழக்கியதற்குத் தனி நன்றி அண்ணா. தை முகூர்த்த நெருக்கடியில் டீ எங்கள் செலவு.