கயிற்றைத் தாண்டுகிறவர்

அன்புள்ள மாப்பிள்ளை,

கடிதம் கிடைத்தது. தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போய்விட்டன. கச்சான் காற்று பலமாக அடிப்பதால் மீன்பாடு சுமார்தான். நீ கேட்டது உன் அத்தாவைப் பற்றி, அதற்கு வருகிறேன்.

காலில் பலம் இருந்தும் வாசற்படியில் ஏன் அப்படியே நின்றுவிடுகிறார் என்கிறாய். வீட்டில் அதை வீம்பு என்கிறார்கள். முகத்தில் அசைவு குறைந்ததால் முறைப்பது போலத் தெரிகிறது. கோபக்காரர் என்ற பெயரும் சேர்ந்துவிட்டது. இரண்டுமே அநியாயம். மதுரை டாக்டர் சொன்னது பார்க்கின்சன் நோய். 1817இல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் ஆறு பேரை வைத்து இதை விவரித்தார். அவர்களில் சிலரைத் தெருவில் பார்த்ததோடு சரி. நடையே அவ்வளவு சொல்லிவிடும்.

அசையச் சொல்லும் உத்தரவு பெருமூளையின் மேற்பரப்பிலிருந்து கிளம்பி, மூளையின் அடியில் உள்ள முகுளத்தில் பெரும்பாலும் பக்கம் மாறி, தண்டுவடம் வழியாகத் தசைக்குப் போகிறது. அத்தாவுக்கு அந்தப் பாதையும் நன்றாக இருக்கிறது, தசையும் நன்றாக இருக்கிறது. கெட்டது அதற்கு முந்தைய வேலை. மூளையின் ஆழத்தில் சில நரம்புத் திரள்கள் அசைவுகளைப் பிடித்து நிறுத்தி வைத்திருக்கின்றன. வேண்டியதை மட்டும் வேண்டிய நேரத்தில் விடுகின்றன. அப்படி விட டோபமைன் என்ற ரசாயனம் வேண்டும். அதைத் தரும் நடுமூளைச் செல்கள் அவருக்கு வெகுவாக அழிந்துவிட்டன. நங்கூரம் எடுக்காமல் வத்தையைத் தள்ளினால் எப்படி நகரும்?

ஆனால் போன வாரம் கரையில் ஒன்று பார்த்தேன். சமதரையில் நகர மறுத்தவர், குறுக்கே கிடந்த வலைக்கயிறுகளை ஒவ்வொன்றாகத் தாண்டி விறுவிறுவென்று நடந்தார். "நடிக்கிறார் பாருங்கள்" என்றான் உன் தம்பி. எனக்கு எரிச்சல் வந்தது. நடிப்பில்லை. கண்முன் ஒரு குறி இருந்தால் மூளை பழுதான இடத்தைச் சுற்றிக்கொண்டு வேறு வழியில் கால்களை இயக்குகிறது. சிறுமூளை அதற்குக் கைகொடுப்பதாகக் கருதுகிறார்கள். தாளமும் உதவும். அவர் நின்றுவிட்டால் இழுக்காதீர்கள், விழுந்துவிடுவார். வலை இழுக்கும்போது பாடும் பழைய அம்பாப் பாட்டை எடுத்துக்கொடுத்தால் போதும், காலும் சேர்ந்து வரும்.

மாத்திரை விஷயத்தில் கண்டிப்பாக இருக்க வேண்டும். மூளைக்குள் போய் டோபமைனாக மாறும் மருந்தான லெவோடோபாவைச் சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன்பே கொடுப்பது நல்லது. மீனிலும் கறியிலும் உள்ள புரதம் அதை உடம்பில் சேரவிடாமல் போட்டி போடும். நம் வீடுகளில் மீன் இல்லாத வேளை ஏது? மீனை நிறுத்த வேண்டாம், நேரத்தைப் பார்த்தால் போதும். யாரோ பூனைக்காலி விதைப் பொடி கொண்டுவந்திருக்கிறார்கள். அதிலும் லெவோடோபா இருப்பது உண்மைதான். அதனாலேயே டாக்டரைக் கேட்காமல் கொடுத்தால் அளவு மிஞ்சும். எடுத்து உள்ளே வைக்கச் சொல்லிவிட்டேன்.

பெருநாளுக்கு வரும்போது அகலமான வெள்ளை டேப் இரண்டு சுருள் வாங்கி வா. திண்ணையிலிருந்து குளியலறை வரை ஒரு எட்டுக்கு ஒரு கோடாக ஒட்டிவிடலாம். சாக்பீஸில் போட்டால் உன் அம்மா மறுநாளே கழுவிவிடுவார்.

அன்புடன்,
உன் மச்சான்