'டென்ஷன்' இல்லாத ஹைப்பர்டென்ஷன்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம். இலவச மருத்துவ முகாம் பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான செய்தியில், 'ஹைப்பர்டென்ஷன்' என்ற சொல் விளக்கமின்றி இடம்பெற்றிருந்தது. தமிழில் 'டென்ஷன்' என்றால் மனப் பதற்றம். இந்த மருத்துவச் சொல்லில் அது, ரத்தம் தமனிச் சுவரை அழுத்தும் விசையைக் குறிக்கிறது. 'ஹைப்பர்' என்ற கிரேக்க முன்னொட்டுக்கு 'மிகுதி' என்று பொருள்; ஆக, ஹைப்பர்டென்ஷன் என்பது உயர் ரத்த அழுத்தம். "எனக்குத்தான் டென்ஷனே இல்லையே, மாத்திரை எதற்கு?" என்ற கேள்வியைப் புறநோயாளிகள் பிரிவில் அடிக்கடி கேட்கிறோம். மனம் அமைதியாக இருக்கிறது என்று மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். பெரும்பாலும் அறிகுறியே காட்டாத நோய் என்பதால், அழுத்தம் மீண்டும் ஏறுவது பக்கவாதம் வரும்வரை தெரியாமலே போகலாம்.

உச்சரிப்பிலும் ஒரு சிக்கல் உண்டு. 'ஹைப்பர்டென்ஷன்', 'ஹைப்போடென்ஷன்' இரண்டிலும் ஒலி அழுத்தம் 'டென்' என்ற அசையில் விழுகிறது. பிரிட்டிஷ் முறையில் முதற்சொல்லின் 'ர்' ஒலிப்பதில்லை. வேகமாகச் சொன்னால், அதுவும் தொலைபேசியில், இரண்டையும் பிரித்தறிவது கடினம். பொருளோ நேர் எதிர்: மருத்துவமனையில் எடுக்கும் அளவு பலமுறை 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் முன்னது, பொதுவாக 90/60-க்குக் கீழே இறங்கினால் பின்னது. எனவே செய்திகளிலும் மருந்துச் சீட்டிலும் 'உயர் ரத்த அழுத்தம்', 'தாழ் ரத்த அழுத்தம்' என்றே எழுதி, பக்கத்தில் அளவையும் குறிக்க வேண்டும். வாய்மொழியாகச் சொல்லும்போது எல்லோருக்கும் பழகிய 'ஹை பி.பி.', 'லோ பி.பி.' போதும்.

- செவிலியர் ஒருவர், திருச்சி