பாதிப் பணத்தில் கணக்கு முடிக்கும் பிரிவை நீக்குங்கள்

அமெரிக்க காங்கிரஸ் உறுப்பினர்களுக்கு,

வணக்கம். வெளிநாடுகளில் உங்கள் படை முகாமிடும் இடங்களில் சமைப்பதும், துணி துவைப்பதும், கக்கூஸ் கழுவுவதும், லாரி ஓட்டுவதும் பெரும்பாலும் எங்கள் பக்கத்து ஆட்கள்தான். இந்தியர்கள், நேபாளிகள், பிலிப்பினோக்கள். அவர்களைக் காக்க நீங்கள் போட்ட சட்டம் 1941ஆம் ஆண்டின் டிஃபென்ஸ் பேஸ் ஆக்ட். எந்த நாட்டுக்காரர் ஆனாலும், வேலையில் நேரும் காயத்துக்கும் மரணத்துக்கும் ஒப்பந்த நிறுவனம் காப்பீடு எடுத்தே ஆகவேண்டும் என்கிறது. அதற்காக உங்களுக்கு நன்றி சொல்லலாம்.

ஆனால் அதே சட்டத்தில் இன்னொரு பிரிவு இருக்கிறது. இழப்பீடு பெறுபவர், அதாவது இறந்தவரின் குடும்பமோ நிரந்தரமாக ஊனமானவரோ, அமெரிக்காவிலோ கனடாவிலோ குடியிருக்காத வெளிநாட்டவர் என்றால், இனி வரவேண்டிய தவணைகளை மொத்தமாகக் கணக்கிட்டு, அதில் பாதியை மட்டும் கொடுத்து முடித்துவிடலாம். காப்பீட்டு நிறுவனம் விண்ணப்பித்தால் தொழிலாளர் துறை மறுக்கவும் முடியாது.

மாதம் 600 டாலர் வாங்கிய சமையல்காரர் இறந்தால், பிள்ளையில்லாத மனைவிக்குச் சம்பளத்தில் பாதி, அதாவது மாதம் 300 டாலர். குறைந்தபட்சத் தொகை என்று உங்கள் உள்நாட்டுச் சட்டத்தில் இருக்கும் பாதுகாப்பும் இந்தச் சட்டத்தில் கிடையாது. ஏற்கெனவே சுருங்கிப்போன அந்த 300 டாலரில்தான் மறுபடி பாதியை வெட்டுகிறீர்கள்! போர் ஆபத்தில் நேர்ந்த மரணம் என்றால், கொடுத்த தொகையை 1942ஆம் ஆண்டின் இன்னொரு சட்டப்படி அரசிடமிருந்து திரும்பப் பெறவும் காப்பீட்டு நிறுவனத்துக்கு வழி வைத்திருக்கிறீர்கள்.

2004 ஆகஸ்டில் உங்கள் முகாம் வேலைக்காக ஜோர்தான் வழியாக ஈராக்குக்குக் கொண்டுபோகப்பட்ட 12 நேபாளிகள் கடத்திக் கொல்லப்பட்டார்கள். முகாமுக்குள் வேலையைத் தொடங்கும் முன்னரே. நிவாரணத்துக்காக அவர்கள் குடும்பங்கள் வருடக்கணக்கில் வழக்காட வேண்டியிருந்தது.

ஈராக்கில் மெஸ் வேலை பார்த்துத் திரும்பியவர்களுக்கு நான் மனு எழுதித் தருகிறேன். ஒருவர் பாலித்தீன் கவரோடு வந்தார். கொதி எண்ணெய் கொட்டி, வலது கை விரல்கள் மடங்கி ஒட்டிக்கொண்டிருந்தன. கவரில் முகாம் மருத்துவரின் ஆங்கிலச் சீட்டும் காலாவதியான கேட் பாஸும் இருந்தன. காப்பீடு பற்றி அவரிடம் யாரும் மூச்சுவிட்டதில்லை. கோருவதற்கு ஒரு வருடம்தான் கெடு; அதுவும் தாண்டிவிட்டது. அந்தக் கையால் கையெழுத்துப் போட அவருக்கு வெகுநேரம் பிடித்தது.

பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைக்கக் கூடாது, ஆள்சேர்ப்புக் கட்டணம் வாங்கக் கூடாது என்று 2012இல் அதிபர் ஒபாமா ஆணை பிறப்பித்தார். அது ஒப்பந்த விதியாகவும் ஆனது. நல்ல விதி. ஊரில் ஏஜென்ட் வாங்கும் பணத்துக்கு ரசீது கிடையாது என்பதால், அதை எங்கே நிரூபிப்பது என்று புரியாமல்தான் நிற்கிறோம்.

நான் கேட்பது இவைதான். பாதியாக்கும் பிரிவை நீக்குங்கள். வேலைக்குச் சேரும் அன்றே, தமிழோ நேபாளியோ தகலோகோ, தொழிலாளியின் மொழியில் காப்பீட்டு விவரம் கையில் கொடுக்கப்பட வேண்டும். கொடுக்காத நிறுவனம் ஒரு வருடக் கெடுவைக் காட்டித் தப்பக் கூடாது என்றும் சட்டத்தில் எழுதுங்கள்.