பணத்தை வைத்து அளக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வாழ்நாளில் அதிகப் பரிசுப் பணம் வாங்கியவர்தான் சிறந்த கோல்ஃப் ஆட்டக்காரர் என்று எங்கள் சுங்கை சிப்புட் ஒட்டுக்கடையில் இளைஞர்கள் அடித்துச் சொல்கிறார்கள். அந்தக் காலத்து சாம் ஸ்னீட், இந்தக் காலத்து டைகர் வூட்ஸ் இருவருக்குமே பிஜிஏ டூர் என்ற அமெரிக்கத் தொழில்முறைப் போட்டித் தொடரில் 82 வெற்றிகள். ஸ்னீட் சேர்த்தது ஏறக்குறைய 6 லட்சத்து 20 ஆயிரம் டாலர்; டைகருக்கு 120 மில்லியனுக்கு மேல். அப்படியானால் டைகர் 200 மடங்கு உசத்தியா?

1963-ல் மாஸ்டர்ஸ் என்ற பெரிய கோல்ஃப் போட்டியை வென்ற ஜாக் நிக்லஸுக்குக் கிடைத்தது 20,000 டாலர். 2024-ல் அதே போட்டியை வென்ற ஸ்காட்டி ஷெஃப்லருக்கு 36 லட்சம். அதே திடல், அதே நான்கு நாள் ஆட்டம். விலைவாசி சுமார் பத்து மடங்குதான் ஏறியது. மீதியெல்லாம் பெரும்பாலும் தொலைக்காட்சியும் விளம்பரமும் கொட்டிய காசு.

அந்தந்த ஆண்டின் பணப்பட்டியலில் யார் முதலிடம் என்று பார்த்தால் ஓரளவு நியாயம் கிடைக்கும். நிக்லஸ் 8 முறை, டைகர் 10 முறை. சரி, இதில் மோதட்டும்!

சிறுவயதில் தோட்டத்துத் துரைமாருக்குக் கோல்ஃப் பை தூக்கியவன் நான். ஒரு சுற்றுக்கு 50 காசு. அதில் ஒரு தேநீரும் ரொட்டி சானாயும் வாங்கிச் சாப்பிட்டேன். இன்று அந்த 50 காசை நீட்டினால் கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்ப்பார்.

முன்னாள் பால்மரத் தொழிலாளி,
சுங்கை சிப்புட், பேராக்